பச்சை பெல்ட்டில் நாலு ஓட்டை

மரிய செல்வி சமையலில் உப்பை நிறுத்தி ஏழு மாதமாகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் ஆவூர் வீட்டுப் படியேறுவதில்லை. அப்படியிருந்தும், வாரம் மூன்று நாள் புருஷன் அடைக்கலராஜை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அவள் வாங்கிக்கட்டிக்கொண்டது திட்டுத்தான்.

டெக்னீசியன் அறிவுச்செல்வன் பிரஷர் பார்ப்பான். நூற்றுத் தொண்ணூறு என்பான். உடனே அவள் பக்கம் திரும்புவான். பன்னிரண்டு கட்டில் போட்ட ஹாலில் எல்லார் காதிலும் விழும்படி, இப்படி உப்பைக் கொட்டிச் சமைத்தால் மனுஷன் பக்கவாதத்தில் விழுவார் என்பான். உப்பே போடுவதில்லை என்று இவள் சொன்னால், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சிரிப்பான். இவள் வீட்டு அடுப்படியில் நின்று பார்த்தவன் மாதிரிப் பேச்சு! பக்கத்துக் கட்டில்காரர் மனைவி காத்தாயிக்கும் இதே அர்ச்சனைதான். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

பிரஷர் மாத்திரை ரெண்டு நாலானது. பக்கவாதம் என்று கேட்டதிலிருந்து, காலையில் கண் விழித்ததும் மரிய செல்வி முதலில் பார்ப்பது புருஷன் வாய் கோணியிருக்கிறதா என்றுதான்.

ஒருநாள் கிளம்பும்போது அடைக்கலராஜின் வேட்டி நழுவியது. கொத்தனார் வேலை பார்த்த காலத்துப் பச்சை பெல்ட்டை அவர் இன்னும் விடவில்லை. அவள் ஆணியைக் காய்ச்சி அதில் இன்னொரு ஓட்டை போட்டாள். அது நாலாவது ஓட்டை. ஆணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் உடம்பிலிருந்து தண்ணீரை எடுத்து மிஷினை நிறுத்துவது ஐம்பத்தெட்டு கிலோவில். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், டயாலிசிஸ் தொடங்கிய முதல் வாரத்தில் குறித்த எடை அது.

அன்றைக்கு, மாதம் ஒருதரம் வரும் டாக்டர் தேவிப்ரியா வந்திருந்தார். ஐந்தாவது மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார். மரிய செல்வி புருஷன் இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“டாக்டரம்மா, இந்த நாலு ஓட்டையும் நான் போட்டது. சதை அம்புட்டும் போயிருச்சு, எடை மட்டும் எறங்கல. அப்ப உள்ள இருக்கறது தண்ணியில்லாம வேற என்னங்க?”

டாக்டர் பேனாவை மூடினார். அடைக்கலராஜின் காலை அழுத்திப் பார்த்தார், சார்ட்டைப் புரட்டினார். தேங்கிய தண்ணீர் இறங்கினால் பிரஷரும் இறங்கும் என்று, மிஷினை நிறுத்தும் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ரெண்டு மாதத்தில் எடை ஐம்பத்து நாலு, பிரஷர் நூற்று நாற்பது. டாக்டர் ரெண்டு மாத்திரையை நிறுத்தினார். மன்னிப்பு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

கிளம்பும் நேரம், கட்டில்மேல் சார்ட் திறந்து கிடந்தது. ப்ளஸ் டூ படித்தவளுக்கு அந்த இங்கிலீஷ் புரியாமலில்லை. வீட்டில் உப்பைக் குறைத்ததால் பிரஷர் கட்டுக்குள் வந்தது என்று அறிவுச்செல்வன் எழுதியிருந்தான்.

அவளுக்குக் கோபம் உச்சிவரை ஏறியது. பன்னிரண்டு கட்டிலுக்கும் கேட்கும்படி அவனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, இத அடிங்க. ரெண்டு வருசமா ஆஸ்பத்திரியில குறிச்ச எடையத் திருப்பிப் பாக்கலன்னு எழுதுங்க.”

பஸ்ஸுக்கு நேரமாகிறதே அக்கா என்றான் அவன். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து காத்தாயி தலையை நிமிர்த்தினாள்.

“எங்க வீட்டுக்காரருக்குக் குறிச்ச எடை எந்த வருசத்துதுங்க?”