பல்லின் முலாம்

பித்தளைக் குழாய்களைக் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஆசிட் தொட்டியில் முக்கி, முப்பது வரை எண்ணித் தூக்க வேண்டும். தூக்கும்போது ஆவி நேரே முகத்துக்கு எழும். அந்த நேரம் பார்த்து யாராவது பேசினால் வாய் முழுக்கப் புளிக்கும். அதனால் அந்த முலாம் பட்டறையில் எல்லோரும் கண்ணாலும் கையாலும்தான் பேசிக்கொள்வார்கள். சிரிப்பு வந்தாலும் மூக்காலேயே சிரித்து முடித்துவிடுவார்கள். ஆனால் பாரம் தூக்கும்போது மூச்சு வாங்குமே, அப்போது யார் சொன்னாலும் வாய் மூடியிருக்காது.

தொட்டியக்கா அந்தத் தொட்டியோடு பதினோரு வருடமாக மாரடிக்கிறாள். பெயர்கூட அப்படியே நிலைத்துவிட்டது. பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று குடித்தால் ‘விருந்தாளி’ என்று கேலி செய்வார்கள். ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ போகும். ஒருநாள் தண்ணீர் பல்லில் பட்டதும் அந்த விருந்தாளியின் முகம் கோணும். உடனே எல்லோரும் கைதட்டி, இனிமேல் நீ நம்ம ஆள் என்று சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கும் பானையைக் காட்டுவார்கள். தொட்டியக்காவுக்கும் அப்படிக் கைதட்டினார்கள். அன்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

வேலை முடிந்ததும் இன்னொரு காரியம் நடக்கும். எல்லோரும் குழாயடியில் வரிசையாக நின்று, முரட்டுப் பிரஷ்ஷில் பற்பொடியைக் கொட்டி, வாயின் புளிப்புப் போகும் வரை பல் தேய்ப்பார்கள். அதில் தொட்டியக்காவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. அடிப்பிடித்த பாத்திரத்தைத் துலக்குவது போலத் தேய்ப்பாள்.

ஒருநாள் காலையில் ரொட்டியைக் கடித்தாள். முன்பல்லின் ஓரம் பொடிந்து நாக்கில் வந்தது. கல்லைக் கடித்தாலாவது வெளியே சொல்லலாம், ரொட்டியைக் கடித்துப் பல் போயிற்று என்றால் ஊர் சிரிக்கும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வலியின் போக்கு மாற ஆரம்பித்தது. முன்பெல்லாம் குளிர்ந்த தண்ணீர்தான் பகை. இப்போது சூடும் ஆகவில்லை.

அவளுடைய நாத்தனார் ஒரு பல் மருத்துவமனையில் தரை துடைக்கிறவள். அண்ணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வருகிற நோயாளிகளிடமெல்லாம் டாக்டர் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

“வலி வந்தா எவ்வளவு நேரம் நிக்குது அண்ணி?”

“முன்னாடி சுருக்குன்னு வந்து போயிடும். இப்ப வந்தா அரை மணி நேரம் போக மாட்டேங்குது.”

வலி அப்படி நின்றால் ஆபத்து என்று நாத்தனார் அங்கே கேட்டிருக்கிறாள். மறுநாளே லீவு போட வைத்து, கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் நாத்தனாரைவிட வயதில் சின்னவள். விளக்கை இழுத்து, கண்ணாடி வைத்து அரை நிமிடம் பார்த்தாள். “ஆசிட் இருக்கிற இடத்துல வேலை பாக்குறீங்களாக்கா?” என்று கேட்டாள்.

தொட்டியக்காவுக்கு மெய்சிலிர்த்தது. அவள் இன்னும் வாயே பேசவில்லை. நாத்தனார் சொல்லியிருப்பாளோ என்று திரும்பிப் பார்த்தால், அவள் இவளைவிட முழித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினாள். மேலே நான்கு முன்பற்களும் கீழ்ப்பாதியில் மட்டும் தேய்ந்து, கண்ணாடிச் சில்லு மாதிரி மெலிந்திருந்தன. உதடு மூடியிருந்த மேற்பாதி அப்படியே தடித்திருந்தது. மூச்சு வாங்கும்போது உதடு எவ்வளவு திறக்குமோ அவ்வளவுக்குக் கோடு போட்டது போலத் தேய்ந்திருந்தது.

பிறகு டாக்டர் கணினித் திரையில் ஒரு படத்தைக் காட்டினாள். பல்லின் உட்பக்கத்தை ஆயிரம் மடங்கு பெரிதாக்கி எடுத்ததாம். மயிரிழையைவிட நுண்ணிய துளைகள், எண்ணவே முடியாது. ஒவ்வொன்றுக்குள்ளும் துளி நீர். மேலே எனாமல் இருக்கும் வரை எல்லாம் மூடிக் கிடக்கும். அது போய்விட்டால், குளிர்ச்சி பட்டதும் உள்ளே இருக்கும் நீர் அசைந்து நரம்பைத் தொடும். அதுதான் கூச்சம் என்றாள்.

தொட்டியக்கா வலியை மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வெறும் கல்லுன்னுல்ல நெனச்சேன். இதுக்குள்ள இவ்வளவு நடக்குதா?” என்றாள். ஊருக்கெல்லாம் முலாம் போட்டவளுக்கு, தன் வாய்க்குள்ளும் ஒரு முலாம் இருந்தது என்று இதுநாள் வரை யாரும் சொல்லவில்லை. “மேல் முலாம் போனா மறுபடியும் போட முடியாதா டாக்டரம்மா?”

“நாங்க பூசலாம். ஆனா உங்களோடது திரும்ப வளராதுக்கா.”

எப்படிப் பல் தேய்ப்பாள் என்று டாக்டர் கேட்டபோது கொஞ்சம் பெருமையாகவே விவரித்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஆசிட் பட்ட பல் இளகியிருக்கும், உடனே தேய்த்தால் மேல்பூச்சு பிரஷ்ஷோடு வந்துவிடும் என்றாள். தண்ணீரால் நன்றாகக் கொப்புளித்து, ஒரு மணி நேரமாவது பொறுத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டுமாம். தொட்டியக்காவுக்குப் பட்டறைதான் ஞாபகம் வந்தது. பழைய குழாயில் முலாம் உரிப்பதற்கும் அதே வழிதான். முதலில் ஆசிட்டில் முக்குவார்கள், பிறகு பிரஷ்ஷால் தேய்ப்பார்கள்.

சுருக்கென்று வந்து போகிற கூச்சத்தையும் வந்து காட்ட வேண்டும், ஆனால் வலி வந்து போகாமல் நின்றாலோ, சூட்டுக்கு வலித்தாலோ, சும்மா இருக்கும்போதே வலித்தாலோ அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்றாள் டாக்டர். ஒரு பல்லுக்கு நரம்புச் சிகிச்சை ஆரம்பித்தாயிற்று. மற்ற மூன்றையும் பூசிக் காப்பாற்றலாம்.

“ஆனா அதே காத்துல நின்னீங்கன்னா அந்தப் பூச்சும் தாங்காது. தொட்டிக்கு மேல ஆவியை உறிஞ்சுற குழாய் வைக்கணும். நான் எழுதித் தர்றேன், பட்டறையில குடுங்க.”

மறுநாள் அந்தக் கடிதத்தோடு சூப்பர்வைசரைத் தேடினாள். முடிந்த சரக்கைக் கட்டும் அறையில் இருக்கிறார் என்றார்கள். தொட்டிக்காரர்கள் அந்தப் பக்கம் போகிற வழக்கமில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாய் புளிக்கவில்லை.

மூச்சை இழுத்துப் பார்த்தாள். வாயைத் திறந்தும் இழுத்துப் பார்த்தாள். காற்றுக்கு ருசியே இல்லை. கூரை நெடுக ஆள் நுழையும் அளவுக்குத் தகரக் குழாய்கள் ஓடி, மெல்ல உறுமியபடி காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. கீழே வெள்ளைத் துணியில் முலாம் போட்ட பித்தளைக் குழாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பதினோரு வருடமாக அவள் முக்கி அனுப்பியவை இவ்வளவு அழகு என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் அவள் முகம் தெரிந்தது.

சூப்பர்வைசர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தார். தொட்டிப் பக்கம் இதெல்லாம் வைக்கிற ஏற்பாடு இல்லை, மேலே சொல்லிப் பார்க்கிறேன் என்றார். அவள் கூரையைக் காட்டினாள்.

“இது இங்க எதுக்கு சார்?”

“ஆவி பட்டா சரக்குல புள்ளி விழுந்துரும்மா. மொதல்ல கதவைச் சாத்து.”

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சூப்பர்வைசர் கைகாட்ட, கையுறை போட்ட ஒரு பெண் கதவோரம் இருந்த குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, மெத்தென்ற துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.