ஏசுவடியாள் டீச்சரின் ஸ்தோத்திரம்

...மாத்திரை இல்லாமலா, மாத்திரை இல்லாமல் என்றா வாசித்தார் போதகர், என் காதில்தான் கோளாறா, இல்லையே, மைக்கில் தெளிவாகத்தான் விழுந்தது, "ஏசுவடியாள் டீச்சரின் மகள் ஜெனிபா, கம்ப்யூட்டர் மூலமாக மூட்டுவாதத்துக்கு நொச்சி இலையில் மருந்து கண்டுபிடிக்கக் கர்த்தர் கிருபை செய்தபடியாலும், டீச்சருக்கு மாத்திரை இல்லாமலே சுகம் தந்தபடியாலும் ஸ்தோத்திரக் காணிக்கை"... சங்கரன்கோவிலில் ஞாயிறு ஆராதனையில் வாசித்துவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் குருவிகுளம்வரை போய்விடும். பக்கத்தில் அம்மா முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், முழங்காலில் நொச்சித் தைல வாடை. எந்த மாத்திரையம்மா விட்டாய் என்று கிசுகிசுத்தால், "வாரத்துக்கு ஒண்ணு போடுவேம்லா, அதத்தான். நீதானட்டி சொன்ன, மாத்திரைய விட நொச்சிக்கு மார்க் கூடன்னு."

மார்க்! ரிட்டயர் ஆனாலும் கணக்கு டீச்சர் கணக்கு டீச்சர்தான். போன மாதம் சாப்பிடும்போது சந்தோஷம் தாங்காமல் சொன்னேன், வீக்கத்தைக் கிளப்புகிற புரதத்தில் ஒரு குழி இருக்கிறது, நொச்சியில் உள்ள ஒரு பொருளைக் கம்ப்யூட்டரில் அந்தக் குழிக்குள் உட்கார வைத்துப் பார்த்தேன், வலி மாத்திரையைவிட நன்றாகப் பொருந்துகிறது, கம்ப்யூட்டர் போட்ட மார்க் மைனஸ் ஒன்பது... "மைனஸ்ல போனா எப்படிட்டி நல்லது?" என்று கேட்டாள், கீழே போகப் போக இறுக்கம் அதிகம் என்றேன், தலையாட்டினாள், அவளுக்கு அதோடு பாடம் முடிந்தது. நான் ஒப்பிட்டது வலி மாத்திரையோடு. இவள் நிறுத்தியது வாரம் ஒரு தடவை போடுகிறதை, மூட்டு அரித்துப்போகாமல் காக்கிறதை, அதற்கும் என் குழிக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. குழியில் பொருந்துவது வேறு, வயிற்றைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, இந்த முட்டிவரை வந்து வேலை செய்வது வேறு, அதை நான் இன்னும் பார்க்கவே இல்லை.

அதற்காக நொச்சியை விட்டுக்கொடுப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இலைதழையெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று காலேஜில் சிரித்தார்களே, அவர்களிடமே மல்லுக்கு நின்றவள் நான். ஆனால் சிரிக்கிறவர்களுக்கும் சரி, இங்கே அல்லேலூயா சொல்கிறவர்களுக்கும் சரி, சோதித்துப் பார்க்கிறவரை பொறுமை கிடையாது, இவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நான் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? முன் பெஞ்சிலிருந்து ஜெமி அக்கா திரும்புகிறாள், அம்மாவுக்கு உள்ள அதே வாதம், அதே கோணல் விரல்கள். "ஏட்டி, நொச்சி எங்கன கெடைக்கும்? நானும் நாளைல இருந்து மாத்திரைய நிப்பாட்டிருதேன்."

போதும். எழுந்துவிட்டேன். போதகர் அடுத்த காணிக்கைக்குப் போய்விட்டார், யாருக்கோ பேரன் பிறந்திருக்கிறான், இந்த நேரத்தில் யாரும் எழுந்து பேசுவதில்லை, அதுவும் பெண்கள் பக்கத்திலிருந்து. "ஐயா, அது தப்பு." கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார். "நொச்சி கம்ப்யூட்டர்லதான் பாஸ் ஆயிருக்கு, மனுஷங்க ஒடம்புல இன்னும் பாக்கல. யாரும் மாத்திரைய நிப்பாட்டிராதீங்க. எங்க அம்மாவ நாளைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்." சபை முழுக்கத் திரும்புகிறது. பார்க்கட்டும். பெற்ற தாயின் சாட்சியைப் பொய்யாக்கினவள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கட்டும், உட்கார மாட்டேன்.

"உக்காருட்டி, மானம் போவுது." அம்மா என் சேலையைப் பிடித்து இழுக்கிறாள், விறைத்து நிற்கிறேன், ஆனால் இழுப்பே தெரியவில்லையே... குனிந்து பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை. முட்டுக்கு முட்டு வீங்கி, துணியைப் பிடிக்கக்கூட முடியாமல் நழுவி, மறுபடி பிடிக்கப் பார்த்து, மறுபடி நழுவி... சுகமா இது? இந்தக் கையை வைத்துக்கொண்டா காணிக்கைக் கவரை ஒட்டினாள்? வலி அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும், தெரிந்தும் மாத்திரையைத் தொடவில்லை, தெரிந்தும் சுகம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்... நான் பார்க்காமல் விட்ட மிச்சச் சோதனையை, மகள் ஜெயிக்க வேண்டும் என்று, இவள் தன் உடம்பில் செய்துகொண்டிருந்தாளோ?