ராட்கா ஒதுக்கிய பட்டாணி

மினசோட்டாவில் எல்ம்ஸ்டாட் ஊரிலுள்ள ட்வெட்டன் வீட்டுக்கு ராட்கா வந்து சேர்ந்தது மே மாதம். ஆனால் அந்த வீட்டில் அவள் சாப்பிட ஆரம்பித்தது அதற்கு முந்தின அக்டோபரிலேயே. பல்கேரியாவில் ஓர் அநாதை விடுதியில் இருந்த அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணைத் தத்தெடுக்க லோர்னாவும் அவள் புருஷன் ஆர்லனும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தங்கள் இரண்டு பையன்களுக்கும் பழகட்டும் என்று மேசையில் ஐந்தாவதாக ஒரு தட்டும் வைத்தார்கள். சாப்பிடுமுன் இயேசுவை விருந்தாளியாக வந்து உட்காரும்படி கூப்பிடுவது இந்த ஊர் லூத்தரன் வீடுகளின் வழக்கம். கூப்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தால், ஐந்தாவது தட்டில் ஹாட்டிஷ், அதாவது அடுப்பில் வைத்துச் சுடும் கறிக் கலவை, குறைந்துகொண்டே வந்தது. கொத்துக்கறி போயிற்று, மேலே பரப்பிச் சுட்ட உருளைக்கிழங்கும் போயிற்று. பச்சைப் பட்டாணி மட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது.

வந்திருப்பது ஆண்டவரேதான் என்று சர்ச் பாடகர் குழுவில் பாதிப் பேர் அடித்துச் சொன்னார்கள். பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்த மாதம் ட்வெட்டன் வீட்டில் கேக் வைக்க இடமில்லை. பாஸ்டர் ஹௌகன் வந்து, காப்பி குடித்து, தட்டைக் குனிந்து பார்த்தார்.

"ஆண்டவரு பட்டாணிய ஒதுக்கமாட்டாரும்மா," என்றார் லோர்னாவிடம். "இது அந்தப் புள்ளதான்."

ஆண்டவர் என்றால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது லோர்னாவுக்கு. பாடகர் குழுவின் டோரிஸ் முன்பே ஓதியிருந்தாள்: "கைக்குழந்தைன்னா நாம வளக்கிறபடி வளரும். பதினஞ்சு வயசுப் புள்ள என்னத்தையெல்லாம் பாத்துட்டு வருதோ. கத்தியெல்லாம் எடுத்து ஒளிச்சு வை, லோர்னா." லோர்னா அப்போது சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் கத்திகளை மேல் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஐந்தாவது நாற்காலியோ தானாக நகர்ந்து, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தது. மேசையில் முள்கரண்டிக் கீறல்கள் விழுந்தன. படுக்கப் போகும்போது தட்டில் கிடந்த பட்டாணி காலையில் இருக்காது. ராத்திரியில் வீட்டுக்குள் யார் நடமாடுகிறார்கள் என்ற பயத்தில் பையன்கள் அறைக் கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தாள்.

"வேணாம்னு சொல்லிடலாமா?" என்று ஒருநாள் ஆர்லனிடம் கேட்டேவிட்டாள்.

சோளத்தின் விலையைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனுஷன் அவன். "பாதிச் சாப்பாட்டுல எந்திரின்னு சொல்லச் சொல்றியா?" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

பிப்ரவரியில் தட்டு தொடப்படாமல் கிடந்தது. மறுநாளும் அப்படியே. பனி ஜன்னல் வரைக்கும் ஏறியது. மார்ச் கடைசியில் அவளுக்குப் பதினாறு முடிகிறது. அதற்குள் நீதிபதி கையெழுத்துப் போடாவிட்டால் சட்டப்படி அவளைக் கூட்டிவர முடியாது. விடுதியில் யாரும் போனை எடுக்கவில்லை. தட்டு காலியாவதைப் பார்த்து நடுங்கிய லோர்னா, இப்போது அது காலியாகவில்லையே என்று நடுங்கினாள். அந்த நேரம் பார்த்து டோரிஸ் ஆறுதல் சொல்லப் பன்றித்தொடை வைத்த பன் கொண்டுவந்தாள். எல்ம்ஸ்டாட்டில் அந்தப் பன் சாவு வீட்டில்தான் பரிமாறுவார்கள். லோர்னா அவள் முகத்திலேயே கதவைச் சாத்திவிட்டு, ஐந்தாவது நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டாள். அன்றைக்கு அவள் கூப்பிட்டது இயேசுவை அல்ல.

"ராட்கா, ஒரு வாய் சாப்பிடுடி. பட்டாணி வேணாம், ஒதுக்கிக்க. ஒரே ஒரு வாய்."

வெகுநேரம் கழித்து உருளைக்கிழங்கின் ஓரம் ஒரு கடி குறைந்தது. காய்ச்சலில் கிடந்தாளாம், பிற்பாடு தெரிந்தது. பிறந்தநாளுக்குக் கொஞ்சம் முன்னால் கையெழுத்தும் ஆனது.

மே மாதம் ராட்கா வந்தாள். ஒல்லியாக, வாயே திறக்காமல், நேராகப் போய்ச் சுவரோரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சாப்பிட்டாள், பட்டாணியை ஒதுக்கினாள். ஆனால் காலையில் பட்டாணி அங்கேயே இருந்தது. மறுநாளும் இருந்தது, சுருங்கிப்போய். அதைப் பார்த்த ராட்காவின் முகம் வெளுத்தது. லோர்னாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் விரல்கள் ஐஸாக இருந்தன.

"யானா சாப்பிடல," என்றாள், தெரிந்த கொஞ்ச வார்த்தைகளில். "யானா சின்னது. விடுதில பக்கத்துக் கட்டில். நடக்க முடியாது. நான் பாக்கெட்ல கொண்டுபோவேன். இப்ப யார் கொண்டுபோவா?"

அந்தப் பெண்ணுக்குப் பட்டாணி பிடிக்காது என்றல்லவா லோர்னா இத்தனை மாதம் நினைத்திருந்தாள். ராட்கா தானே எழுந்துபோய் ஆறாவதாக ஒரு தட்டை எடுத்துவந்து, பட்டாணியை அதில் போட்டு, எல்லார் முகத்தையும் பார்த்தாள். லோர்னா யானாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

காலையில் தட்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இனி லோர்னாவுக்கு இன்னொரு குளிர்காலம், இன்னொரு நீதிபதி, எடுக்காத போன். ஆர்லன் கொட்டகையிலிருந்து குட்டையான நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து ராட்காவின் பக்கத்தில் போட்டான். லோர்னா தத்து நிறுவனத்துக்குப் போன் செய்துவிட்டு, பட்டாணி வாங்கக் கடைக்குக் கிளம்பினாள்.