வரலாறு முதலில் வந்த வருடம்

கல்லூரியில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பேர் பூட்டு. வைத்தது ஆசிரியர்கள்தான், எனக்கு வருத்தமில்லை. இறுதி மதிப்பெண் பட்டியலைக் கணினியில் ஏற்ற வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி கெடு. தேர்வுப் பிரிவில் அந்தக் கெடு என் பொறுப்பு. பன்னிரண்டு ஆனதும் மூடிவிடுவேன். பட்டியல் வராத வகுப்புக்குப் பட்டம் அடுத்த சுற்றில்தான், அதற்கு மூன்று மாதம் ஆகும். வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் அல்லாடுவார்கள். அதனால்தான் நான் கறார். காய்ச்சல், கண்ணீர், மின்வெட்டு, எதற்கும் மசிந்ததில்லை.

என் வீட்டுக்காரர் இங்கேயே வரலாற்று ஆசிரியர். இருபது வருடமாக அவர்தான் கடைசி ஆள். இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்து பட்டியலை ஏற்றிவிட்டு, ஏதோ முன்கூட்டியே வந்தவர் மாதிரிச் சிரிப்பார். "எங்க வீட்டு ஆமை வந்தாச்சா?" என்று நானே எல்லார் முன்னாலும் கேட்பேன். இந்த வருடம் சாப்பாட்டு மேசையில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு தடவை முதல்ல குடுங்களேன். பூட்டோட புருஷன்னு உங்களுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?"

கொடுத்துவிட்டார். புதன்கிழமையே, எல்லாருக்கும் முன்னால். விடைத்தாள் கட்டுகூட எங்கள் அலமாரிக்கு வந்துவிட்டது. எங்கள் அறை வாசலில் வெள்ளைப் பலகை ஒன்று உண்டு. பட்டியல் வரும் வரிசையில் துறைகளின் பேரை எழுதுவேன். முதல் வரியில் 'வரலாறு' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்கு வந்த பட்டியல்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். வரலாற்றில் ஒரு மாணவிக்குத் தொண்ணூற்றொன்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேர்வன்று அவள் கால் ஒடிந்து மருத்துவமனையில் இருந்தாள். மருத்துவச் சான்றிதழை அவள் அம்மாவிடமிருந்து வாங்கிக் கோப்பில் வைத்ததே நான்தான்.

போனைப் போட்டேன்.

"ஏங்க, கால் ஒடிஞ்ச பொண்ணுக்குத் தொண்ணூத்தொண்ணு போட்டிருக்கீங்க."

"நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே."

"பரீட்சைக்கே வரலைங்க!"

மெதுவாகச் சொன்னார். "பேரையெல்லாம் அகர வரிசைல அடுக்கினேன். பேரு மட்டும் நகர்ந்து மார்க்கு அங்கயே நின்னுடுச்சு போல."

நாற்பத்து மூன்று பேர். ஒருவர் மார்க்கு இன்னொருவர் தலையில்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "மேடம், ஏத்தின பட்டியலைத் திரும்பத் திறந்தா, வரவே இல்லைங்கற கணக்குதான். பன்னெண்டுக்குள்ள முடியலைன்னா மொத்த வகுப்பும் போச்சு. யாரும் கேக்கல, அப்படியே விட்டுடுங்களேன். திங்கக்கிழமை முதல்வருக்கு எழுதிக்கலாம்."

"திங்கக்கிழமை பட்டமே அச்சாயிடும்மா" என்று சொல்லிவிட்டுப் பட்டியலைத் திறந்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. முப்பது நிமிடம் போதும் என்று எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாராக இருந்தாலும்.

அவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். ஆசிரியர்தான் தட்ட வேண்டும், நான் விசைப்பலகையைத் தொடக்கூடாது. அலமாரியிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்து, ஒவ்வொரு தாளின் முகப்பில் இருந்த பேரையும் மொத்த மார்க்கையும் நான் வாசித்தேன். அவர் இரண்டு விரலால் தட்டினார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு நொடி நின்றார்.

"அங்க என்ன யோசனை? தட்டுங்க."

"முகம் ஞாபகம் வரணும்மா. வந்தாத்தான் மார்க்கு பொருந்துதான்னு தெரியும். வருஷா வருஷம் கடைசி நாள் காலைல உக்காந்து இதைத்தான் பண்ணுவேன்."

"இந்த வருஷம் பண்ணலையா?"

"நீ முதல்ல குடுக்கச் சொன்னியே."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. சுருக்கென்று தைத்தது. அடுத்த தாளை எடுத்தேன்.

பதினொன்று ஐம்பத்து நான்கு. இன்னும் நான்கு தாள். ஒரு மாணவன் பேரையும் முப்பத்தொன்றையும் வாசித்தேன். நாற்பது எடுத்தால்தான் தேர்ச்சி. அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

"இல்லையே. இவன் ஃபெயில் ஆகற ஆள் இல்ல. தாளைக் குடு."

கடிகாரத்தைப் பார்த்தேன். 'எழுதியதைப் போடுங்கள்' என்று சொல்ல வாய் வரை வந்தது. யாருக்கும் ஒரு நிமிடம் கொடுக்காதவள், தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார், வீட்டில் செய்தித்தாள் படிக்கிற அதே நிதானத்தில். கடைசிப் பக்கத்துக்குப் பின்புறம் ஒரு விடை இருந்தது. ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே பன்னிரண்டு. முகப்பில் கூட்ட விட்டுப்போயிருந்தது.

"நாப்பத்து மூணு" என்றார்.

மிச்சம் மூன்றையும் மளமளவென்று வாசித்தேன். கால் ஒடிந்த பெண்ணுக்கு 'வரவில்லை' என்று போட்டார். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குப் பட்டியல் ஏறியது. பன்னிரண்டுக்கு நான் மூடினேன், எப்போதும் போல.

வெளியே போய்ப் பலகையில் முதல் வரியை அழித்தேன். எல்லாத் துறைக்கும் கீழே, கடைசி வரியில், 'வரலாறு' என்று அதே கொட்டை எழுத்தில் எழுதினேன். அவர் பின்னால் நின்று பார்த்தார்.

"பழைய எடத்துக்கே அனுப்பிட்டியா?" என்றார். "மானம் போச்சு. அடுத்த வருஷம் பாரு, திங்கக்கிழமையே குடுக்கறேன்."

"குடுத்துப் பாருங்க" என்றேன். "வாங்கவே மாட்டேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பையனின் முப்பத்தொன்றை வாசித்தது என் குரல்தான், 'எழுதியதைப் போடுங்கள்' என்று சொல்ல இருந்ததும் அதுதான்.