முகவரிக்குப் பதிலாக வரைந்த படம்

மடுல்சீமைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் மூன்றாம் லயத்துத் தண்ணீர்க் குழாய் சென்ற ஆண்டு மார்ச் பதினோராம் தேதி காலையில் இல்லாமல் போனது. குழாயோடு அது நின்ற நாற்பது மீட்டர் அகல நிலமும் போனது. இரு பக்கத்து மண்ணும், கிழிந்த துணியை இழுத்துத் தைத்ததுபோல, ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. அன்று லுணுகலைக் கடையில் தேங்காய் நூற்றுத் தொண்ணூறு ரூபாய். குடத்தோடு வந்த பெண்கள் அந்தத் தையலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓடைக்குப் போனார்கள்.

அங்கே காரணம் தெரிந்தவள் அந்த லயத்துத் துஷாந்தினி மட்டும்தான். வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறி அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைக்காமல், பதுளையில் காசு கட்டிப் படிக்கும் ஒரு கல்லூரியில் புவியியலும் வரைபடவியலும் படித்துக்கொண்டிருந்தாள். அதற்காக ஒரு நிதி நிறுவனத்தில் ஒன்பது லட்சம் கடன், மாதத் தவணை பத்தொன்பதாயிரத்து நானூறு. விண்ணப்பத்தில் முகவரிக் கட்டம் இருந்தது. லயத்து வீடுகளுக்கு முகவரி கிடையாது.

"தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும்ங்க" என்றாள்.

"அது சரிவராது தங்கச்சி, ஆள் எங்க இருக்குன்னு தெரியணுமே" என்றார் கடன் பிரிவிலிருந்த நப்ரீஸ். "ஒரு படம் கீறித் தாங்க. நீங்க அதத்தானே படிக்கிறீங்க?"

தோட்டத்து ஆட்கள் எல்லோரும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடும் ஒரு பெட்டியும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு எதுவும் நடந்ததில்லை. துஷாந்தினிக்குத் தன் கைமேல் பெருமை. வடக்கு அம்பு போட்டு, ஒரு சென்டிமீட்டருக்கு இருபது மீட்டர் என்று அளவு குறித்து, குழாய், பலாமரம், கக்கூஸ் வரிசை, ஆறாம் நம்பர் மலை என்று ஒன்றுவிடாமல் வரைந்தாள். மலைமேல் கொழுந்துக் கூடையோடு தன் அம்மா பெரியாயியையும் சின்னதாகப் போட்டாள். நப்ரீஸ் அதைக் கையிலெடுத்து, கண்ணாடி போட்டு மாட்டலாம் போலிருக்கிறது என்று சிரித்தார்.

மழை கூடி அம்மாவுக்கு வேலை நாள் குறைந்ததும் தவணை நின்றது. முதல் தவணை தவறிய மறுநாள் குழாய். ஏப்ரல் பதினொன்றில் பலாமரம். முந்தின நாள் அதில் பறித்து, அறுத்துச் சட்டியில் வைத்திருந்த சுளைகளும் கூடவே போயின. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. படத்தில் இருப்பதை வேறிடத்தில் ஒளித்து வைத்தாலும் தப்பாது. மே பதினொன்றில் கக்கூஸ் வரிசை. "கொழாய எடுத்தான், பலாவ எடுத்தான், சரி. கக்கூச எடுத்து அவன் என்னாத்தப் பண்ணப் போறான்?" என்று கங்காணி மாரிசாமி கேட்க, லயமே சிரித்தது. துஷாந்தினி சிரிக்கவில்லை. படத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து மாதம் இரண்டு சென்டிமீட்டர் பறிபோனது. ஜூன் பதினொன்றில் எந்த இடம் என்று பார்க்க அவளுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை.

பதுளைக்கு ஓடினாள். படத்தைத் திருப்பித் தரச் சொன்னாள். "பைல் கொழும்புக்குப் போய்ட்டு தங்கச்சி. கட்டினா நிக்கும்" என்றார் நப்ரீஸ். அவரும் பயந்துபோயிருந்தார், மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கணக்குப் போட்டாள். இன்றே படிப்பை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனால் மாதம் முப்பத்தையாயிரம். முன்பணம் வாங்கித் தவணை கட்டலாம், படம் அங்கேயே நிற்கும். ஜூன் கடைசியில் வரும் பரீட்சை வரை இருந்தால், பிறகு நில அளவை அலுவலகம் ஒன்றில் நாற்பத்தெட்டாயிரம். ஆனால் ஜூன் தவணை தவறும், மலையோடு அம்மாவும் போவாள். வித்தியாசம் பதின்மூவாயிரம். அம்மாவின் சம்பளம் மாதம் இருபத்தோராயிரம். எப்படிப் போட்டாலும் படிப்பை விடு என்றுதான் விடை வந்தது. பிறகு, அம்மா இன்னும் எத்தனை வருடம் வேலை செய்வாள் என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தாள். விடை மாறியது. தாளைக் கிழித்து ஜன்னல் வழியே எறிந்தாள். 

பெரியாயியிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த ஒரு வரியைத் தவிர. "போனா போகுது போ" என்றாள் அவள், ரொட்டியைப் புரட்டிக்கொண்டே. "முப்பது வருசமா அந்த மலையத் தின்னுதான வளத்தேன். இப்ப அது என்னயத் திங்கட்டும். பரீட்சைய விட்டுட்டு வந்தீன்னா காலு ரெண்டையும் ஒடிச்சிப்புடுவேன்." அம்மா சொன்னதால்தான் படித்தாள் என்று லயத்தில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். துஷாந்தினி அதை மறுத்ததில்லை.

ஜூன் பதினோராம் தேதி அவள் வகுப்பில் இருந்தாள். பத்தரை மணிக்கு அம்மாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கப் பயந்து அடிக்க விட்டாள். மூன்றாம் முறை எடுத்தாள். "சாப்டியா?" என்றது அம்மாவின் குரல்.

நடந்தது இவ்வளவுதான். ஆறாம் நம்பர் மலையில் நின்ற பெண்கள் கண்மூடித் திறக்கும் முன் ஏழாம் நம்பர் மலையில் நின்றார்கள். படத்தில் வரையாதவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. வரைந்தவளுக்கு உருவம் போனது. கோட்டால் வரைய முடிந்தது உருவத்தைத்தான். குரலும் கைவேகமும் படத்தில் இல்லாததால் அவை தங்கின. சனிக்கிழமை துஷாந்தினி வீட்டுக்கு வந்தபோது கேத்தல் தானாகச் சாய்ந்து கோப்பையில் தேத்தண்ணீர் விழுந்தது. அவள் அதைக் குடித்தாள். எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் பேசினாள். பரீட்சையில் தேறினாள், நாற்பத்தெட்டாயிரத்துக்கு வேலையும் கிடைத்தது, முன்பணம் வாங்கி ஜூலைத் தவணையைக் கட்டினாள். தவணையை எட்டாம் தேதியே கட்டிவிடுகிறாள், இன்னும் முப்பத்தொன்று பாக்கி. அதன் பிறகு ஒரு புல்கூடப் போகவில்லை.

பெரியாயியின் உருவம் போனதைப் பற்றித் தோட்டத்தில் ஒரே ஒரு நாள்தான் பேச்சு வந்தது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, உதவி மானேஜராகப் புதிதாக வந்த சின்னதுரை நிமிர்ந்து பார்த்தார். "பெரியாயி!" என்று மாரிசாமி கூப்பிட்டார். ஆளில்லாத இடத்திலிருந்து "வந்திருக்கேங்க" என்று பதில் வந்தது.

"ஆள் எங்க?"

"ஆளு தெரியாதுங்க தொரை. கொழுந்து தெனம் இருவது கிலோ வருதுங்க" என்றார் மாரிசாமி.

சின்னதுரை கொஞ்சம் யோசித்தார். "அப்ப முழுப்பேர் போடு" என்றார். மாரிசாமி முழுநாள் சம்பளத்துக்குப் பெயர் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.