கீழ்ப்பக்கம் பிடிக்கிற ஆள்

படியில் பீரோ இறக்கும்போது மேல்பக்கம் பிடிக்கத்தான் எல்லாரும் ஓடி வருவார்கள். பாரம் முழுக்கக் கீழ்ப்பக்கம் பிடிக்கிறவன் நெஞ்சின் மேல் வந்து உட்காரும். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கியே கிழவனானவன் நான். ஒரு ஆளை நம்பலாமா கூடாதா என்பதற்கு எனக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான். படித்துத் தெரிந்துகொண்டது அதிகமில்லை.

எங்கள் சபைக்கு வந்த புதுப் போதகரை நான் நம்பவில்லை. சின்ன வயசு, நல்ல குரல். நன்றாகப் பேசுகிறவர்களைக் கண்டால் நான் இரண்டடி தள்ளியே நிற்பேன்.

அந்த ஞாயிறு அவர் எடுத்துக்கொண்டது, கால் விளங்காத ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கிக்கொண்டு இயேசுவிடம் வந்த பகுதி. வாசலில் கூட்டம், உள்ளே நுழைய வழியில்லை, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அந்த நாலு பேரின் விசுவாசத்தைப் பற்றிப் போதகர் உருகி உருகிப் பேசினார். எனக்கு முன்வரிசையில் ஒரு தையல்கடைக்காரர் உட்காருவார். ஆமென் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லாததால் ஆமென் அண்ணன் என்றே பெயராகிவிட்டது. அன்றைக்கு எங்கள் கூரையும் பிரிந்துவிடும் போல ஆமென் சொன்னார். முடிந்தது. எல்லாரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

நான் டம்ளரோடு வாசலுக்கு வந்து மேலே பார்த்தேன். என் மனைவியின் அண்ணன், என் மச்சான், சபைக்கு எதிர்த்த கட்டடத்திலேயே நான்காம் மாடியில் கால் விளங்காமல் கிடக்கிறார். அங்கே லிஃப்ட் நின்று வருஷம் தாண்டிவிட்டது. ஞாயிறுதோறும் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாட்டை மட்டும் கேட்பார். திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் வீட்டுக்கே கொண்டுவருகிறேன் என்று போதகர் சொன்னபோது மறுத்துவிட்டார். "எல்லாரும் ஒரே மேசையில சாப்பிடுறாங்க. எனக்கு மட்டும் பார்சலா?" என்றார். அந்தப் பிடிவாதம் இளகாது. அதே ரத்தத்தில் ஒருத்தியோடு குடித்தனம் செய்கிற எனக்குத் தெரியாதா? அடுத்த திருவிருந்து வருகிற ஞாயிறு. மச்சான் அந்த மேசைக்கு வர வேண்டும். நான் முடிவு செய்துவிட்டேன்.

டம்ளரை வைத்துவிட்டுப் போதகரிடம் போனேன்.

"பாஸ்டர், அந்த நாலு பேர்ல நீங்க இருந்தா எந்தப் பக்கம் பிடிப்பீங்க?"

அவர் விழித்தார். மச்சானை இறக்க வேண்டும் என்று சொன்னேன்.

"கூரையப் பிரிக்கணுமா ஐயா?"

"அதெல்லாம் வேணாம். படி இருக்கு. ஆளுதான் இல்ல."

"நான் வரேன். கீழ்ப்பக்கம் பிடிக்கிறேன்."

கீழ்ப்பக்கம் என்றால் என்னவென்று தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடைக்காரரும் பஸ் ஓட்டுநரும் சரி என்றார்கள். ஆமென் அண்ணன் இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

"எனக்கு முதுகு சரியில்ல மாமா. ஜெபத்துல தாங்குறேன்."

"அது காத்து மாதிரி கனம். மச்சான் எழுபது கிலோ," என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. சுருங்கட்டும்.

சனிக்கிழமை நால்வரும் ஒத்திகை பார்த்தோம். கைப்பிடி வைத்த மர நாற்காலி, அதற்குக் குறுக்கே சாமான் கட்டித் தூக்குகிற என் பழைய நீளப் பெல்ட். நான்காம் மாடியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு திருப்பத்திலும் இடிக்கவில்லை. திரும்பி வந்ததும் மச்சான் கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"நாற்காலி சபைக்குப் போயிட்டு வந்துடுச்சு. நான் எப்ப மாப்ள போறது?"

"நாளைக்கு. ராத்திரி கம்மியா சாப்பிடு."

ஞாயிறு காலை அவரை உட்கார வைத்துக் கட்டி இறக்கினோம். போதகர் சொன்னபடியே கீழ்ப்பக்கம் நின்றார். ஒரு மாடி சுலபமாக இறங்கியது. இரண்டாம் மாடித் திருப்பம் மற்றதைவிடக் குறுகல், நாற்காலி அங்கே நின்றுவிட்டது. மச்சானின் முழங்கால் சுவரில் முட்டியது. இடது பக்கம் சாய்த்தோம், வலது பக்கம் சாய்த்தோம், நகரவில்லை.

எங்கள் தொழிலில் எந்தப் பீரோவையும் காலி செய்துவிட்டுத்தான் தூக்குவோம். அந்தப் பழக்கத்தில் நாற்காலியையும் காலியாகவே ஒத்திகை பார்த்திருக்கிறேன். உட்காருகிறவருக்கு முழங்கால் இருக்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

"ரிவர்ஸ் எடுத்துப் பார்ப்போமா?" என்றார் பஸ் ஓட்டுநர்.

வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேல ஏத்திடு மாப்ள. போதும். ஊரே வேடிக்கை பாக்குது."

"ஏத்த மாட்டேன். பாதிப் படியில திரும்பின பழக்கம் எனக்கு இல்ல."

"நான் என்ன சாமானா?"

"சாமானா இருந்தா வாயக் கட்டியிருப்பேன். சும்மா இரு."

எதிர்த்துப் பேசிவிட்டேனே தவிர அடுத்து என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. அப்போது போதகர் கோட்டைக் கழற்றிக் கம்பியில் போட்டார். ஒரு படி கீழே இறங்கி, முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறுங்க ஐயா."

"பாஸ்டர் முதுகுல நானா? சபை என்ன சொல்லும்?"

"போன வாரம் ஆமென் சொன்னாங்க. அது போதும்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பெல்ட்டை அவிழ்த்தேன். ரொட்டிக்கடைக்காரரும் நானும் அவரைத் தூக்கி அந்த முதுகில் சாய்த்தோம். பெல்ட்டை மச்சானின் அக்குளுக்கடியில் கொடுத்து, முனையை என் கையில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். போதகரின் கால்கள் நடுங்கியதைப் பார்த்தேன். ஒவ்வொரு படியையும் பாதத்தால் தடவிப் பார்த்துத்தான் எடை வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் அத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

சபையில் எங்களுக்காகப் பாடிப் பாடிப் பாட்டுகள் தீர்ந்துபோய், முதல் பாட்டையே திரும்பவும் தொடங்கியிருந்தார்கள். யாரோ முன்னால் தனி நாற்காலி போட்டார்கள். மச்சான் வேண்டாம் என்று வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். போதகர் நனைந்த சட்டையோடு பிரசங்கம் செய்தார். இன்றைக்காவது சுருக்குவார் என்று பார்த்தேன். ஒரு நிமிஷம் குறைக்கவில்லை.

பிறகு திருவிருந்து. நானும் பஸ் ஓட்டுநரும் மச்சானைக் கைத்தாங்கலாக மேசைக்குக் கொண்டுபோனோம். அப்பத்தை வாங்கி வாயில் போட்டார். சின்னத் துண்டுதான். அதை வெகுநேரம் மென்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் தேநீர் டம்ளரை எடுத்தார்கள். நான் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை மறித்து நின்றேன்.

"இறக்கினது பாதி வேலை. ஏத்தணும். பாஸ்டர் கால் இன்னைக்கு அவ்வளவுதான் தாங்கும். ஆள் வேணும்."

பலர் தேநீரை ஊதிக் குடித்தார்கள். ஆமென் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கீழ்ப்பக்கம் யாரு மாமா?"

"யாருமில்ல."

"அப்ப நான் நிக்கறேன்."

"உன் முதுகு?"

"அது கிடக்கட்டும்."

இந்த முறை குழந்தைகள் வகுப்பின் குட்டை நாற்காலியை எடுத்தேன். மச்சானை உட்கார வைத்தேன். முழங்கால் நெஞ்சோடு ஒட்டியது. அப்படியே கயிற்றால் அளந்துகொண்டுதான் தூக்கச் சொன்னேன்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் இடிக்காமல் திரும்பியது. பாரம் அப்படியே ஆமென் அண்ணன் மேல் சரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே," என்று முனகினார்.

குட்டை நாற்காலியில் இருந்து மச்சான், "ஆமென்," என்றார்.

ரொட்டிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது, பஸ் ஓட்டுநருக்கும் வந்தது. சிரித்தால் பிடி தளரும்.

"சிரிக்காம தூக்குங்கப்பா," என்றேன். "இன்னும் ரெண்டு மாடி இருக்கு. அடுத்த ஞாயிறும் இருக்கு."