மாணிக்கம் சாரின் D டிரைவ்

ஆயுதபூஜைக்குக் கணிப்பொறியைத் துடைத்துப் பொட்டு வைப்பது ரமேஷ்பாபுவின் வேலை. கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் அவர் ஃபோர்மேன். மற்ற நாட்களில் மனைவி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற மனிதர், பூஜை என்று வந்துவிட்டால் தான் வைத்ததுதான் சட்டம் என்பார். திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும், பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி, மவுஸுக்கு ஒரு சாமந்திப்பூ. பக்கத்தில் ஸ்பானர்கள், அரிவாள்மனை, தையல் கத்தரி. அதோடு விட்டாரா என்றால் இல்லை. கணிப்பொறி வாங்கியபோது கூடவே வந்த சிடியையும் எங்கிருந்தோ தேடி எடுத்து, உறையோடு முன்னால் சாய்த்து வைத்தார். சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டே எட்டிப்பார்த்த அனுராதா, அந்தச் சிடியைக் கண்டதும் கரண்டியை வாணலியிலேயே போட்டுவிட்டு "ஐயையோ" என்றாள்.

"என்ன அனு, கருகிடுச்சா?"

"சுண்டல் இல்லீங்க. மாணிக்கம் சாரோட மேட்செல்லாம் போகப்போகுது. என்னாலதான்."

அனுராதாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரயில்வே தலைமை அலுவலகத்தில் கணிப்பொறிப் பிரிவில் வேலை. கொல்கத்தாத் தமிழர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. சாம்பார் பொடி எங்கே நன்றாகக் கிடைக்கும், சென்னை மெயில் ரயிலில் பொங்கலுக்கு இடம் இருக்குமா என்று கேட்டுக்கொள்வதற்காக லக்ஷ்மிநாராயணன் என்பவர் தொடங்கியது. அந்த வருடங்களில் வீட்டுக்கு வீடு கணிப்பொறி வந்துகொண்டிருந்தது. அதைவிட வேகமாக அதைப் பற்றிய கதைகள் வந்துகொண்டிருந்தன. கதை எங்கே தலைகாட்டினாலும் அதன் மண்டையில் ஒரு குட்டு வைப்பதை அனுராதா தன் கடமையாக எடுத்துக்கொண்டாள். கடமை என்று அவள்தான் சொல்லிக்கொள்வாள். பதில் எழுதி அனுப்பிவிட்டு நாற்காலியில் சாயும்போது அவள் முகத்தில் தெரிவது வேறு என்பது ரமேஷ்பாபுவுக்குத் தெரியும்.

அவளிடம் அதிகம் குட்டு வாங்கியவர் சிப்பூர் மாணிக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செருப்புக் காலோடு அறைக்குள் போனால் கணிப்பொறிக்கு வைரஸ் வரும் என்று எழுதினார். ரெஃப்ரெஷ் பொத்தானை நாலைந்து தடவை அழுத்தினால் இயந்திரம் சுறுசுறுப்பாகும் என்று எழுதினார். தன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே, பழைய சினிமாக் கொட்டகைப் பக்கம் போடுகிற பூஜைப் பந்தலின் மைக் அதிர்வில் உள்ளே இருக்கும் ஃபைல்கள் உதிர்ந்துவிடும் என்றும் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் அனுராதாவின் பதில் ஒரே மாதிரி தொடங்கும்: "தயவுசெய்து தவறான தகவலைப் பரப்பாதீர்கள்." மாணிக்கமும் அசராமல் பதில் போடுவார்: "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அம்மா. ஆனாலும் செருப்பை வெளியிலேயே விடுகிறேன்."

போன வாரம் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கணிப்பொறி ஆமையாகிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். ஆனால் வானொலியில் வந்த கால்பந்து வர்ணனைகளைப் பல வருடங்களாகக் கேசட்டில் பிடித்து, அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது, தோற்றது, மழையில் நின்றது எல்லாம் அதில் இருக்கிறது. கேசட்டுகள் பூஞ்சை பிடித்து, பழைய சாமான்காரனிடம் போய்விட்டன. இதற்கு என்ன வழி? அழித்தால் எல்லாமே போய்விடும் என்று யாரோ ஒருவர் எழுத, அனுராதா பாய்ந்தாள். தயவுசெய்து தவறான தகவலைப் பரப்பாதீர்கள். C டிரைவும் D டிரைவும் ஒரே வீட்டில் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு அறைகள். ஒன்றுக்கு வெள்ளையடித்தால் மற்றது நனையாது. வர்ணனைகளை D-யில் போட்டுவிட்டு தைரியமாக C-யை அழியுங்கள்.

மாணிக்கம் எழுதினார்: "இதுவரை உங்கள் பேச்சைக் கேட்டதில்லை. இந்தத் தடவை அப்படியே கேட்கப்போகிறேன். பெட்டியோடு வந்த சிடியை எடுத்து வைத்துவிட்டேன். ஆயுதபூஜையன்று தொட மாட்டேன். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து அதைப் போட்டு ஆரம்பித்துவிடுகிறேன்."

அவர் தன் பேச்சைக் கேட்டதில் குளிர்ந்துபோய், பெட்டியோடு வந்த சிடி என்ற வார்த்தைகளை அனுராதா கவனிக்கவே இல்லை. அந்த மாதிரிச் சிடி அறை அறையாக வெள்ளையடிக்காது. நடுச்சுவரையும் இடித்து, வீட்டையே கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி ஆக்கிவிட்டுத்தான் ஓயும். C-யும் போகும், D-யும் போகும்.

"அதுக்கென்ன, ஒரு மெயில் போட்டுடு. சாமி கோவிச்சுக்காது," என்றார் ரமேஷ்பாபு, சட்டத்தைத் தளர்த்தி.

"போட்டா? அவர் பெட்டியும் பூஜையிலதான இருக்கும்? நாளைக்குக் காலைல மெயிலா பாப்பாரு? நல்ல நேரம் பாத்து நேரா சிடியத்தான் போடுவாரு."

தொலைபேசி எண் தெரியாது. தெரிந்த ஒரே ஆளான லக்ஷ்மிநாராயணன் விடுமுறைக்குத் திருச்சி போயிருந்தார். பேசாமல் இருந்துவிடலாம் என்றும் அனுராதாவுக்குத் தோன்றத்தான் செய்தது. நான் அழிக்கச் சொன்னேனே தவிர அந்தச் சிடியைப் போடச் சொல்லவில்லையே என்று நாளைக்கு எழுதலாம். குழுவில் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் என்றைக்கும் கேட்காத மனிதர், கேட்ட ஒரே ஒரு தடவை இப்படியா என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"பந்தலுக்கு எதிர்வீடுதான? வா, போயே பாத்துடலாம். சுண்டல எடுத்துக்க," என்றார் ரமேஷ்பாபு.

நவமியன்று கொல்கத்தாவில் வெளியே கிளம்புவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஊரே புதுத்துணி கட்டிக்கொண்டு தெருவில் நின்றது. சாந்த்பால் துறையில் முண்டியடித்து லாஞ்சில் ஏறி, ஹூக்ளியைக் கடந்து, சிப்பூரில் இறங்கினார்கள். பழைய சினிமாக் கொட்டகையை விசாரித்துப் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. டாக் மேளம் காதைப் பிளந்தது. எதிரே ஒரு வீடா இருந்தது? வரிசையாக மூன்று மாடிக் கட்டடங்கள், எங்கே பார்த்தாலும் ஜன்னல்கள். ரமேஷ்பாபு தயங்கவில்லை. மைக்கைப் பிடித்திருந்த இளைஞனிடம் போய் அரைகுறை வங்காளத்தில் விஷயத்தைச் சொல்ல, அவன் உற்சாகமாகிவிட்டான்.

"மாணிக்-தா! மாத்ராஜி மாணிக்-தா! ஜேகானேயி தாகுன், மண்டபே சோலே ஆஷுன்!"

எங்கிருந்தாலும் பந்தலுக்கு வந்து சேரச் சொல்லி அவன் திரும்பத் திரும்பக் கூவினான். கொஞ்ச நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வேட்டியும் மஞ்சள் சிவப்புக் கோடு போட்ட பனியனுமாக ஒரு குள்ள மனிதர் மூச்சு வாங்க வந்தார்.

"யாரு? என்னய ஏன் கூப்புடுதீங்க?"

"சார், நான் அனுராதா. கார்டன் ரீச். மெயில்ல..."

"அட! தயவுசெய்து தவறான தகவலா?" அவர் முகமெல்லாம் பல்லாயிற்று. "வாங்கம்மா, வாங்க. என்ன இவ்வளவு தூரம்?"

"சார், நான் சொன்னது தப்பு."

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். "மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"நான் சொன்னது தப்பு சார்!" என்று அனுராதா அடிவயிற்றிலிருந்து கத்தினாள். சரியாக அந்த நொடியில் மேளம் நின்றது. பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தமிழ் தெரியாதவர்களுக்கும் ஏதோ ஒப்புதல் நடக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். ஒரு பாட்டியம்மா "ஆஹா" என்று பரிதாபப்பட்டாள். அனுராதாவின் காது மடல் சுட்டது. இருந்தாலும் விடாமல், சிடி என்ன செய்யும், D-க்கு என்ன ஆகும் என்று முழுக்கச் சொல்லி முடித்தாள்.

மாணிக்கத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. "அத்தனையும் போயிருக்கும்," என்றார் மெதுவாக. பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அதச் சொல்லவா இந்தக் கூட்டத்துல வந்தீங்க?"

"ஆமா சார்."

"குழுவுலயும் எழுதுவீங்களா?"

"எழுதறேன்."

"எப்படி ஆரம்பிப்பீங்க?"

அனுராதா ஒரு கணம் யோசித்தாள். "'அனுராதா, தயவுசெய்து தவறான தகவலைப் பரப்பாதீர்கள்'னு."

அவர் வயிறு குலுங்கச் சிரித்ததில் ரமேஷ்பாபுவும் சேர்ந்துகொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர்ணனைகளையெல்லாம் வெற்றுச் சிடிகளில் பதிந்து தருவது, அதன் பிறகே அழிப்பது என்று நடந்துகொண்டே பேச்சு முடிந்தது. அவர் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. அறை வாசலில் மாணிக்கம் செருப்பைக் கழற்றினார். அனுராதா மறுபேச்சில்லாமல் கழற்றி, அவர் செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். ரமேஷ்பாபு சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

உள்ளே கணிப்பொறி மாலையோடு வீற்றிருந்தது. அதன் முன்னால் வாழையிலை, அதில் பொரி, அதன் நடுவே அந்தச் சிடி. உறை இல்லாமல், பளபளக்கும் பக்கம் மேலே தெரியும்படி கிடந்தது. அதன் மேல் மூன்று விரலால் இழுத்த சந்தனம் பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது. சந்தனத்தின் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

கணிப்பொறி படிக்கிற எழுத்தெல்லாம் அந்தப் பளபளக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. நாளைக்கு எத்தனை நல்ல நேரம் பார்த்துச் சொருகியிருந்தாலும் அந்தச் சிடி கரகரவென்று சுற்றிவிட்டு, படிக்க முடியாமல் வெளியே வந்து விழுந்திருக்கும். அனுராதாவுக்கு வாய் தானாகத் திறந்தது.

"சார், சிடிக்கு அந்தப் பக்கத்துல போய்..."

"ஏம்மா, தப்பா வெச்சுட்டேனா?" அவர் கவலையோடு குனிந்து பார்த்தார்.

ரமேஷ்பாபு மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே பந்தலில் மேளம் மறுபடி தொடங்கியது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. இலையில் பொரி ஒவ்வொன்றாக உருண்டது.

"இல்ல சார், சரியாத்தான் இருக்கு," என்றாள் அனுராதா. "பொட்டுதான் கொஞ்சம் சின்னது."

குங்குமச் சிமிழில் மோதிர விரலை அழுத்தி எடுத்து, அதிர்ந்துகொண்டிருந்த சிடியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, பளபளப்பு மிச்சமிருந்த இடமாகப் பார்த்து, பெரிதாக ஒன்று வைத்தாள்.